ஞாயிற்றுக்கிழமை ஆடிட்

ஜூன் 6, 2007, புதன்

எங்கள் பனியன்களை வாங்கும் ஜெர்மன் பையரின் ஆட்கள், தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று ஆடிட் பார்க்க நாளை வருகிறார்கள். கம்பெனியை மூலை முடுக்கெல்லாம் கழுவித் துடைத்தாகிவிட்டது. முதலுதவிப் பெட்டியில் இரண்டு வருடத்துக்கு முன் காலாவதியான மாத்திரை கிடந்தது, மாற்றச் சொன்னேன். தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்களிடம் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் நாகஜோதி பாடம் நடத்திவிட்டாள். "குறை ஒன்றுமில்லை" என்பதை எல்லோரும் ஒரே மாதிரி ஒப்பிக்கக் கூடாது, ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வேண்டும். அது நான் சொல்லிக்கொடுத்த வித்தை.

இதற்கு நடுவில் காலையில் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஊத்துக்குளி ரோட்டுல வயசானவங்களுக்குன்னு ஊடு கட்டி உட்டிருக்காங்கல்ல, நான் அங்க போயிக்கறேன் கண்ணு" என்றாள். அவிநாசிக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் என்பது மாதிரி.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 7, வியாழன்

ஆடிட் பாஸ்.

ஜூன் 10, ஞாயிறு

சுப்பண்ணன் மாமா காலையிலேயே வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடை. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, விஷயம் அங்கே வரைக்கும் போய்விட்டது.

"ஒத்தப் பையன் நீயி. ரெண்டு மாடி ஊட்டைக் கட்டி வெச்சுக்கிட்டு அக்காளைக் கொண்டு போயி அங்க உட்டா, நாளைக்கு நான் நாலு பேரு மூஞ்சில முழிக்கறதா வேண்டாமா மாப்ள?"

அனுப்புவது நானல்ல, போவதாகச் சொல்வது அவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"மாசி மாசம் பாத்ரூம்ல உழுந்து மூணு மணி நேரம் கெடந்தனே, அப்ப இந்த ரெண்டு மாடில யாரு இருந்தா? அங்க கட்டலுக்குப் பக்கத்துலயே பெல்லு இருக்குதாம். அமுக்குனா ஆளு வருதாம். எனக்கு அது போதும்."

மாமா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். என் மனைவி கிருத்திகா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. மருமகள்தான் துரத்திவிட்டாள் என்று ஊர் பேசுமே என்ற பயம் அவளுக்கு. அம்மா விழுந்த அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே கம்பெனியில், ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்தோம். அம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஜூன் 24, ஞாயிறு

அம்மாவைக் கொண்டு போய் விட்டு வந்தோம்.

முப்பது சின்னச் சின்ன வீடுகள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகச் சாப்பாட்டுக் கூடம். ஒரு நர்ஸ் எப்போதும் இருக்கிறார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அம்மா முதல் வேலையாக முருகன் படத்தை மாட்ட ஆணி கேட்டாள்.

எல்லாம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அதுதான் எனக்கு உதைக்கிறது. இவ்வளவு சுத்தம் எந்தெந்த நாளில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து, ராத்திரி ஹாலில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தேன், அம்மா தூங்குவாளே என்று. கிருத்திகா பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 1, ஞாயிறு

நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். "ஏனுங்க, அத்தையப் பாக்கறதுக்கு நோட்டு எதுக்குங்க?" என்றாள் கிருத்திகா.

சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி ஆண்கள் பக்கம் கழிப்பறை நான்கு, பெண்கள் பக்கம் ஐந்து. எல்லாவற்றிலும் தண்ணீர் வருகிறது. தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறது. முதலுதவிப் பெட்டியில் மருந்தெல்லாம் 2009 வரைக்கும் செல்லும். எங்கேயும் பிடி கிடைக்கவில்லை.

அம்மா, "நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு" என்றாள். பக்கத்து வீட்டு நல்லம்மாள், "அதெல்லாம் சோறு தண்ணிக்குக் கொறையில்லீங்க" என்றார். எதிர்வீட்டுப் பொன்னுச்சாமி, ஓய்வு பெற்ற தபால்காரர், "இருக்கறோமுங்க, பரவால்லீங்க" என்றார்.

மூன்று பேர், மூன்று விதமாக. வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் நாகஜோதிக்குச் சொல்லிக்கொடுத்த அதே வித்தை.

ஜூலை 11, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய் நின்றேன். சாப்பாடு சூடாக இருந்தது. தயிர் கெட்டியாக இருந்தது. குப்பைத் தொட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். மேனேஜர் முகம் கோணாமல் கூடவே வந்தார். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் முன்கூட்டியே போன் செய்திருப்பான். நானாக இருந்தால் அதற்குத்தான் அவனை வைத்திருப்பேன்.

ஜூலை 15, ஞாயிறு

அம்மாவைத் தனியாக வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். வெளிநாட்டு ஆடிட்டர்கள் எங்கள் பெண்களை அப்படித்தான் தனியே அழைத்துப் போவார்கள்.

"இங்க யாருமில்லீங்கம்மா. நெசத்தைச் சொல்லுங்க. ஏதாச்சும் மெரட்டறாங்களா?"

அம்மா திருப்பிக் கேட்டாள். "ஏஞ்சாமி, உங்கம்பெனிப் புள்ளைக உங்கிட்ட நெசத்தைச் சொல்லுமா?"

"சொல்லாதுங்க."

"அப்பறம் என்னைய மட்டும் கேக்கறயே" என்று சொல்லிவிட்டு, சாப்பிட நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டாள்.

அப்படியென்றால் ஏதோ இருக்கிறது. என்னிடம் சொல்ல முடியாத ஒன்று. என்னவாக இருக்கும்? அடிக்கிறார்களா — சே, என்ன நினைப்பு இது. எழுந்து போனபோது அவள் முகத்தில் பயம் இருந்ததா, கோபம் இருந்ததா? எனக்குப் படிக்கத் தெரியவில்லை. துணியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பேன்.

ஜூலை 18, புதன்

மூன்று நாளாக வேலை ஓடவில்லை. கட்டிங் மாஸ்டரைக் காரணமில்லாமல் திட்டினேன்.

யோசித்துப் பார்த்ததில் நாகஜோதியை அனுப்பலாம் என்று தோன்றியது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், பதினொரு வருடமாக எங்களிடம் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வருவாள், அம்மாவுக்கு அவள் மேல் பிரியம். நாளைக்கு அரை நாள் லீவு கொடுத்து, சும்மா பார்க்கப் போவது மாதிரி போய் வரச் சொன்னேன். என்ன கேட்க வேண்டும் என்று நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜூலை 20, வெள்ளி

காலையில் நாகஜோதி ஆபீஸ் அறைக்கு வந்து நின்றாள். "சார், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அம்மாவுக்கு அங்க ரெண்டு கொறை இருக்கு சார். ஒண்ணு, இட்லி கல்லாட்டம் இருந்திருக்கு. அதை அவுகளே சமையக்காரம்மாகிட்ட சண்டை போட்டு, மாவு பதம் சொல்லிச் சரி பண்ணிட்டாக. இப்ப ரெண்டு பேரும் சிநேகிதமாயிட்டாகளாம்."

"இன்னொண்ணு?"

"நீங்கதான் சார்."

அவளே தொடர்ந்தாள். "மத்தவுக பிள்ளைகளெல்லாம் ஞாயித்துக்கெழம வந்தா பக்கத்துல உக்காந்து பேசுதாகளாம், கூடவே சாப்பிடுதாகளாம். எம்மவன் வந்ததும் நோட்டத் தூக்கிட்டுக் கக்கூஸுக்குள்ள போயிருதான்னு சொன்னாக. அங்க உள்ளவுக, உங்க பையன் முனிசிபாலிட்டில வேல பாக்காரான்னு கேக்காகளாம். அவுகளுக்கு வெக்கமாப் போச்சாம் சார்."

"வேற?"

"எங்கூட ஒரு நாழி உக்கார மாட்டேங்கானேன்னாக. அதச் சொல்லும்போது கண்ணு கலங்கிட்டாக."

முதலில் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். இதை அம்மா என்னிடம் எப்படிச் சொல்லியிருப்பாள்? சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று பார்த்திருக்கிறாள். குறையே நானாக இருக்கும்போது, நானே போய்க் குறை என்ன என்று கேட்டிருக்கிறேன். இத்தனை ஆடிட் பார்த்தவனுக்கு இது புரியவில்லை.

ஜூலை 22, ஞாயிறு

நோட்டு எடுத்துப் போகவில்லை. கிருத்திகாவும் வந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவரைக்காய்ப் பொரியலில் உப்புக் கம்மி. அதை அம்மாவே எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மாமா வந்திருந்தாராம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இங்கே சேர எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று மேனேஜரிடம் மெதுவாக விசாரித்தாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கிருத்திகாவும் சிரித்தாள். ஒன்றரை மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

கிருத்திகா நல்லம்மாளோடு தோட்டத்தைப் பார்க்கப் போனாள். நானும் அம்மாவும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பொன்னுச்சாமியின் குறட்டையைப் பற்றி அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் தறி ஓடிய காலத்திலும் சரி, கம்பெனி வந்த பிறகும் சரி, அவளுக்கு மத்தியானத்தில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். காய்ச்சலில் படுத்திருந்தால்கூட, என் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, சாப்பிட்டயா என்று கேட்பாள்.

காபி கொண்டு வந்த பெண்ணிடம் சத்தம் போட வேண்டாம் என்று சைகை காட்டினேன். நாலு மணி வரைக்கும் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.