பிஸ்கட் பாட்டிலுக்குள் ஒரு பனிமலை

மிலிட்டரி,

இன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரி கடை அலமாரியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று பாதிச் சாமானை வெளியே இழுத்துப் போட்டுவிட்டாள். கடைசியில் ஒரு சிவப்புத் தகர மூடியைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பாட்டிலே இல்ல, எதுக்கு வச்சுக்கினு இருக்குறீங்க? பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுரட்டுமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கை வச்சுப் பாரு" என்று கத்திவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்த கம்பெனி ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மூடிக்கா இவ்வளவு என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அந்த மூடிக்குரிய பாட்டிலில் ஒரு மலை இருக்கிறது. அந்த மலையில் நீங்கள் நிற்கிறீர்கள்.

உங்களை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. எதிர்க் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக வந்து சேர்ந்த புதிதில், என் கடைக்குப் பால் கொண்டுவரும் ஆட்டோவைக்கூட "இங்க நிறுத்தாதே" என்று விரட்டினீர்கள். "பட்டாளத்துல இருந்து வந்துட்டா ரோடும் இவரோடதா?" என்று நானும் சத்தம் போட்டேன். நேரே கடைக்கு வந்து ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, "பாய், கோவத்துல டீ நல்லாத்தான் போடுறீங்க" என்றீர்கள். அப்புறம் சண்டை நிற்கவில்லை. ஆனால் ஒரு நாள் நீங்கள் கடைக்கு வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

ஒரு மத்தியானம் ஷிப்ட் மாறிக் கூட்டம் கலைந்த நேரம், என் பிஸ்கட் பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டீர்கள். விரல் முட்டிக்கு மேல் போகவில்லை.

"உங்க கை போவுதா?"

"பொழுதன்னைக்கும் அதுக்குள்ளதானே விட்டு எடுக்குறேன்."

"அப்ப பாட்டிலும் வேணும், உங்க கையும் வேணும் பாய். உள்ளே ஒரு போஸ்ட் கட்டணும்."

தபால் ஆபீசா என்று கேட்டேன். நீங்கள் முறைத்த முறையில் நான் பால் பொங்குவதைப் பார்க்கப் போய்விட்டேன். பிறகுதான் சொன்னீர்கள், பனிமலையில் பட்டாளத்தார் காவலிருக்கும் இடத்துக்குப் பேர் போஸ்ட் என்று.

அந்தப் போஸ்டில் உங்களோடு ஒருவர் இருந்தார். மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். நீங்கள் அவரை மாலூரான் என்றே சொல்வீர்கள். ஊத்தங்கரைக்காரரான உங்களோடு பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டவர். ஒரு சாயங்காலம் போஸ்டின் மண்மூட்டைச் சுவர் சரிந்துவிட்டது. அவர் கீழே நின்று அடுக்கினார், நீங்கள் மேலேயிருந்து மூட்டை சுமந்துகொண்டு இறங்கினீர்கள். "கையைத் தூக்கிக் கத்தினான் பாய், இன்னொரு மூட்டை வேணும்னு. கையில இருந்ததை அங்கேயே போட்டுட்டு, இன்னொண்ணையும் சேத்து எடுக்கலாம்னு திரும்பி மேலே ஏறுனேன். அதுக்குள்ள பனி சரிஞ்சு சுவரு, அவன், அத்தனையும் வாரிக்கினு போயிடுச்சு. கேட்டதைச் சட்டுனு கொடுத்திருந்தா அந்தச் சுவரு நின்னிருக்கும்."

மாலூரானுக்கு ஓர் அக்காதான் எல்லாம். கடைசியில் கூட இருந்தவர்கள் யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அந்த அம்மாள் ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பினார்கள். ஓசூரிலிருந்து மாலூர் என்ன வடதுருவமா? பஸ் ஏறினால் இறங்க வேண்டியதுதான். ஏறவும் செய்தீர்கள், பல தடவை. ஒவ்வொரு தடவையும் நடுவழியில் பாகலூரிலேயே இறங்கித் திரும்பி வந்துவிட்டீர்கள். அந்தச் சமயம் டாக்டர் உங்கள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். "திறக்குறதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட இதைச் சொல்லிடணும் பாய். வாயில வரமாட்டேங்குது. அதான், செஞ்சு கொண்டு போயி காட்டிடலாம்னு." பாட்டிலைக் கழுவிக் காய வைத்தேன்.

கருங்கல் பாலிஷ் போடும் பட்டறையிலிருந்து சில்லுகள் கொண்டுவந்தீர்கள், மலைக்கு. வெள்ளைக் கல் அறுக்கும் தூளைச் சலித்துக் கொண்டுவந்தீர்கள், பனிக்கு. தேங்காய்ப்பூவே பார்வைக்கு நன்றாக இருக்குமே என்றேன். "திங்கறதுக்கா செய்யிறோம்?" என்று பாய்ந்தீர்கள். மூட்டைகளை மட்டும் என் யோசனைக்கு விட்டீர்கள். மைதாவில் உப்புப் போட்டுப் பிசைந்து, அரிசி அளவுக்கு உருட்டிக் காய வைத்து, டிகாஷனில் முக்கி எடுத்தேன். அசல் சாக்கு நிறம். நீங்கள் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தீர்கள், பார்த்தீர்கள், அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். இப்போதும் டிகாஷன் அடுப்பில் கொஞ்சம் தீய்ந்தால் எனக்கு அந்த மத்தியானங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

பொம்மைகள் ஃபேன்ஸி ஸ்டோரில் தொங்கும் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள்தான். அவற்றின் துப்பாக்கியைப் பிளேடால் சீவி எடுத்தீர்கள். மாலூரானின் வலது கையைச் சூடு காட்டி வளைத்து, உள்ளங்கை முன்னால் தெரிகிற மாதிரி நிமிர்த்தினீர்கள். சரியில்லை என்று மறுபடி சூடு காட்டினீர்கள். அந்தக் கை உங்கள் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நீள இடுக்கியில் அவரைப் பிடித்து நான் உள்ளே இறக்கும்போது, வாய் சும்மா இருக்காமல், "என்ன மிலிட்டரி, பந்தியில போதும் போதும்னு இலையை மறிக்கிற மாதிரியில்ல நிக்கிறாரு?" என்றேன். உங்கள் முகம் கறுத்துவிட்டது. "விளையாடாதீங்க பாய். செத்துப்போனவன்" என்றீர்கள். பசை வைத்தாயிற்று, தப்பாக ஒட்டினால் எடுக்க முடியாது. வெளியே ஒரு டிரெய்லர் லாரி காது கிழிகிற மாதிரி ஹாரன் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். நின்றார்.

உங்களை வைக்கும்போதுதான் பெரிய ரகளை. மூட்டை எடுக்கத் திரும்பிய கோலத்தில், முதுகு காட்டி நிற்கிற பொம்மை. நான் இடம் பார்த்து இறக்க இறக்க, நீங்கள் கண்ணாடிக்கு வெளியே முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, "இன்னும் மேலே... இன்னும் மேலே பாய். நான் அவ்ளோ கிட்ட இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கிப்போய் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "யா அல்லாஹ், கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களேன்" என்று கத்தினேன். பசை இறுகத் தொடங்கிவிட்டது. எப்படியோ நீங்கள் சொன்ன இடத்தில் வைத்துக் கையை வெளியே எடுத்தேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையைக் காட்டினீர்கள். தகர மூடி அழகாயில்லை என்று மரத்தில் ஒரு மூடி கடைந்து வாங்கிவந்து போட்டது நீங்கள்தான். இந்தச் சிவப்பு மூடி அப்படித்தான் என்னிடம் தங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு உங்களோடு மாலூர் பஸ் ஏறினேன். பாட்டில் என் மடியில். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பாகலூர் வந்ததும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"எங்க?"

"முடியல பாய். அந்தம்மா மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?"

"இறங்குங்க, தாராளமா இறங்குங்க. நான் ஒண்டியாப் போயி, இதைச் செஞ்ச மிலிட்டரிக்காரர் பாகலூர்ல பயந்து இறங்கிட்டாரும்மான்னு சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன்."

கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, இறங்குவதானால் சீக்கிரம் என்று கன்னடத்தில் சிடுசிடுத்தார். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பஸ் கிளம்பியது. உட்கார்ந்தீர்கள். மாலூர் வரைக்கும் உங்களுக்கு வேர்வை வழிந்துகொண்டிருந்தது. இந்த மனுஷனை நல்லபடியாக ஊர் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பேனா என்று இருந்தது எனக்கு.

அக்கா நம்மைத் திட்டவில்லை, அழவும் இல்லை. இரண்டு டம்ளரில் காபி கொடுத்தார்கள். பாட்டிலை வாசல் வெளிச்சத்தில் வைத்து மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மேலே முதுகு காட்டி நிற்கும் பொம்மையைக் கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டி இது யார் என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. மூன்று மாநிலம் முட்டும் வேப்பனப்பள்ளியில் பிறந்தவனுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தாய்ப்பால் மாதிரி. அதனால் நான்தான் நடுவில் நின்று சொன்னேன்.

"நான்தாம்மா" என்றீர்கள்.

கடைசியில் என் தம்பி என்ன சொன்னான் என்று கேட்டார்கள். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு மூட்டை கேட்டான்" என்றீர்கள். மூட்டைக்குக் கன்னடத்தில் சீலா. நான் அப்படியே சொன்னேன். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார்கள். எனக்கு உன் பேச்சு வேண்டாம், அவன் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே சொல்லச் சொல் என்றார்கள்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். பாட்டிலுக்குள் இருப்பவரைப் போலவே வலது கையைத் தூக்கினீர்கள். இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்த சத்தத்தை அந்த வீடே அதிரும்படி வெளியே விட்டீர்கள்.

"சாக்கு! சாக்கு!"

நான் வாயைத் திறந்தேன். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. அக்கா அதற்குள் புரிந்துகொண்டுவிட்டார்கள். என் காபி டம்ளர்மேல் உள்ளங்கையை மறித்துப் பிடித்தார்கள், பிறகு பாட்டிலுக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்தார்கள். எந்த வீட்டுப் பந்தியிலும் என் தம்பி இப்படித்தான் மறிப்பான் என்றார்கள்.

"என்ன பாய் சொல்றாங்க?"

சொன்னால் உங்கள் நெஞ்சு தாங்குமா? சொல்லாமல் விட்டால் மட்டும்? உங்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத்தான் சொன்னேன். "மிலிட்டரி, கன்னடத்துல அதுக்குப் போதும்னு அர்த்தம். மூட்டை கேக்கல அவரு. போதும், வராதேன்னு கத்தியிருக்காரு."

"இல்ல. அவன் என்கிட்ட தமிழ்லதான் பேசுவான்."

"தலைமேல மலை இறங்குறப்ப யாருக்குங்க அடுத்தவன் பாஷை வரும்?"

"இங்க வந்து இத்தனை வருஷமாச்சு. தினமும் உங்க கடையில கேக்குற வார்த்தை. எனக்குத் தெரியாதா?"

"இங்க தெரியும். அங்க அன்னைக்கு மூட்டை சுமந்துக்கினு இருந்தீங்க, சாக்குன்னுதான் காதுல விழும். சரி, மூட்டையை அவரு வாயில என்னன்னு சொல்லுவாரு? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தீர்கள். உங்கள் உதடு அசைந்தது. "சீலா" என்றீர்கள். அப்புறம் நீங்களே, "சீலான்னுதான் சொல்லுவான் பாய். தமிழ் பேசினாலும் அது மட்டும் சீலாதான். சாக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

அப்புறம் அழுதீர்கள் பாருங்கள். அக்கா எழுந்துவந்து உங்கள் தலையில் கையை வைத்தார்கள். அவன் கத்தியதால்தானே நீ திரும்பி மேலே போனாய், அதனால்தானே என் வாசலுக்கு ஒருத்தன் வந்திருக்கிறாய் என்றார்கள். கடைசியாக ஒன்று சொன்னார்கள்: "அஷ்டே சாக்கு." அவ்வளவு போதும் என்ற அதை நான் உங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. உங்களுக்கே புரிந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு பிளாஸ்கில் டீ கொண்டுவந்தேன். டாக்டர் பார்த்தால் திட்டுவார், ஒரு மடக்குதான் என்று நர்ஸம்மாவைக் கெஞ்சி வாங்கிய அனுமதி. எனக்கு அளவு தெரியுமா? ஊற்றிக்கொண்டே போனேன். நீங்கள் கிளாஸ்மேல் உள்ளங்கையை மறித்தீர்கள்.

"சாக்கு பாய்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நீங்களாக என்னிடம் பேசிய முதல் கன்னட வார்த்தை அது. மறுநாள் தியேட்டருக்குள் போன நீங்கள் திரும்பி வரவில்லை. நான் கதறினேன், எனக்கு வெட்கமில்லை. ஆனால் பாகலூரில் இறங்கிவிட்டிருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்காது என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன்.

பாட்டில் மாலூரில் அக்கா வீட்டில் இருக்கிறது. மூடியை மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்காரி இனி கேட்கமாட்டாள். முன்பெல்லாம் யாராவது கிளாஸை மறித்துப் போதும் என்றால், அட குடிங்க என்று வம்படியாக இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன், உங்களுக்குத் தெரியுமே. இன்றைக்கு மத்தியானம் ஒரு மாலூர் டிரைவர் வந்தார். பாதிக் கிளாஸிலேயே கையை நீட்டி அந்த வார்த்தையைச் சொன்னார். நான் உடனே நிறுத்திவிட்டேன்.