கறுப்பாக விழுந்த நுரையீரல்

காசிமிரோ,

எக்ஸ்ரே அறை வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வேர்க்கடலை சூப் அடுப்பில் இருக்கிறது.

நேற்று உன் மார்புப் படத்தைப் பார்த்து, "சுரங்கத் தூசி உள்ளே எல்லாத்தையும் கருக்கிடுச்சு, என் கதை முடிஞ்சுது"ன்னு புலம்பினாய். நீ வாசிக்கும் சரங்கோ வாத்தியத்தைத் தம்பிக்கே கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டாய். நான் சிரித்ததும் கதவைச் சாத்திக்கொண்டாய்.

மண்டு, காற்று கதிரைத் தடுக்காது. அதனால் நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத்தான் விழும். தூசி படிந்திருந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும். உனக்கு ஒன்றுகூட இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டார்.

மதியம் உன் தம்பி இலாரியோன் வாத்தியத்துக்காக வந்து நிற்பான். சூப்பைக் கொடு, சரங்கோவைக் கொடுக்காதே.

நியேவெஸ்

பி.கு.: சாயங்காலம் எனக்கு வாசித்துக் காட்டணும்.

இன்னொன்று: நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. படம் கறுப்பாக வந்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.