எண்ணெயின் பக்கம்

மார்ச் 3

இன்று காலை அத்தான் ஒரு ஓவனைக் கொண்டுவந்து இறக்கினார். மூடிப்போன ஏதோ ஓட்டலுடையது. எங்கே எந்தக் கடை மூடுகிறது என்பது அவரைப் போன்ற ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. நான்கு பேர் சேர்ந்து தூக்கியும் நிலையில் இடித்துக் கொஞ்சம் பெயின்ட் போயிற்று. சமையலறையில் மாவு மூட்டைகள் இருக்கும் மூலையைக் காலி செய்து அங்கே வைக்கலாம் என்றார். அக்கா சரி என்றாள்.

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

மார்ச் 4

எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் கடையில் விற்பது ஒன்றே ஒன்று. பழ மடிப்பு. மாவை உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து, சர்க்கரையில் சுண்டவைத்த ஆப்பிளையோ அன்னாசியையோ நடுவில் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, எண்ணெயில் பொரிப்பது. மடிப்பது நான். பொரிப்பது அக்கா. அப்பா போனதிலிருந்து இப்படித்தான். கல்லூரிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் மடித்தேன், எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் இப்போதும் மடிக்கிறேன்.

அவள் வாணலி முன்னால். அவளுக்குப் பின்னால் மேஜையில் நான். கை மடிக்கும், வாய் பேசும். அன்று படித்த கதை, பேராசிரியர் உளறியது, எனக்குத் தோன்றியது. அவள் ஜல்லிக்கரண்டியைத் திருப்பியபடி தலையாட்டுவாள். நான் சொன்னதை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட இன்னொரு ஆள் கிடையாது. காதலித்த பெண்கூடக் கொட்டாவி விட்டாள்.

போன வருடம் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்தான் எங்களோடுதான் இருக்கிறார்.

மார்ச் 5

அத்தான் நல்லவர். இன்றைக்கு மட்டும் மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா இரண்டு தடவை.

மார்ச் 8

ஓவன் வந்ததற்குக் காரணம் அக்காவின் இருமல். எண்ணெய்ப் புகையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அத்தான் அதைக் கேட்டு வந்த மறுநாளே ஓவன் தேட ஆரம்பித்திருக்கிறார்.

நானும்தான் அந்த இருமலைக் கேட்டேன். அவரை விட அதிக நாள் கேட்டேன். எனக்கு ஓவன் தோன்றவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"பொரிக்கிறதுக்கு பதிலா சுட்டா லேசா இருக்கும் மச்சான். சாப்புடறவங்களுக்கும் நல்லது, உங்க அக்காவுக்கும் நல்லது."

பொரிக்காத மடிப்பு மடிப்பே இல்லை என்று சொன்னேன். அந்தச் சத்தம், அந்த மொறுமொறுப்பு, தெருமுனைவரை போகிற வாசனை, இதெல்லாம் இல்லாமல் யார் வாங்குவார்கள்? நன்றாகத்தான் பேசினேன். வகுப்பில் பேசியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "தொரை பேசிட்டாரு. அங்க நின்னு இருமறது யாரு, நீயா?" என்றாள்.

ஒரு இருமலுக்கு எதிராக எண்ணெயின் பக்கம் நிற்கிறேன். என்ன மனுஷன் நான்?

மார்ச் 11

முதல் சோதனை.

இது வேறு மாவு. குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக மாவில் உதிர்க்க வேண்டும். அடித்துப் பிசையக் கூடாது. வெண்ணெய் உருகினால் போயிற்று. ஏடு ஏடாக வராது. என் கையில் உருகியது. அத்தான் கையில் உருகவில்லை. நாள் முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் கிடக்கிற கை, ஜில்லென்றுதான் இருக்கும்.

"உன் கை சூடுடா. அத்தான் பண்ணட்டும், நீ மடி" என்றாள் அக்கா.

ஒருத்தருடைய உள்ளங்கையின் குளிர்ச்சியைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மடித்தேன். அத்தான் கத்தியை நீட்டினார். "மேல மூணு கீறல் போடு மச்சான். ஆவி வெளிய போக வழி வேணும். இல்லாட்டி உள்ளயே முட்டி வெடிச்சிரும்." இரண்டாம் தட்டுக்கும் அதையே சொன்னார்.

எங்கள் தொழிலில் கீறல் விழுந்தது கழிவு. ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் எண்ணெய் உள்ளே போகும், பழம் வெளியே வரும், வாணலி முழுக்கக் கருகும். ஓட்டையில்லாமல் மடிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கைவேலை. அதன்மேல் கத்தி வைக்கச் சொல்கிறார்.

வெந்து வந்தது. நன்றாக இருந்தது. இதை எழுதப் பிடிக்கவில்லை. மேல் ஏடு உதட்டில் பட்டதும் உதிர்ந்தது. எண்ணெய் மறைத்து வைத்திருந்த ஆப்பிளின் புளிப்பு முன்னால் வந்து நின்றது. விரலில் பிசுக்கு இல்லை.

முதலாவதை அக்கா எடுத்துப் பிட்டாள். ஒரு பாதி அவளுக்கு. மறு பாதி அத்தானுக்கு. பிறகு எனக்கு ஒன்று கொடுத்தாள்.

முழுசாக.

மார்ச் 15

விற்கிறது. எதிர் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் கடைக்குள் வந்தே பல நாளாகிறது. இன்று வந்தார். "பொரிச்சதுன்னா வேணாம்மா, கொழுப்பு ஏறிப் போச்சு" என்று ஆரம்பித்தவர், தட்டைப் பார்த்து, "சுட்டதா? எண்ணெயே இல்லையா?" என்று கேட்டு, நின்ற இடத்திலேயே இரண்டு சாப்பிட்டார்.

"யாரு ஐடியா இது?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் அக்கா. அவள் இதுவரை யாரையும் இப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை, "எந்தம்பி, எம்.ஏ. படிச்சிருக்கான், வேலை தேடிட்டிருக்கான்" என்பாள். அந்த வாக்கியம் எப்போதும் இறங்குமுகம்.

மார்ச் 19

இன்று வாணலி ஏற்றவில்லை.

மார்ச் 22

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். சமையலறையில் அவர்கள் இருவரும். தட்டு ஓவனுக்குள் போய்விட்டது. வேகும்வரை கைக்கு வேலையில்லை. பொரிக்கும் நாட்களில் இப்படி ஒரு நேரமே கிடையாது. அக்கா கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அத்தான் ஏதோ கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஐயோ, அவன் கதை சொல்லுவான் பாருங்க. ஒரு வார்த்த காதுல விழாது. ஒரு பக்கம் எண்ணெய் சத்தம், ஒரு பக்கம் ஃபேன் சத்தம். நான் பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டு நிப்பேன்."

அத்தானும் சிரித்தார்.

படியில் நின்றேன். எத்தனை வருஷம். எத்தனை கதை. என் ஆய்வுக் கட்டுரை முழுவதையும் அந்த முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாததையும் சொல்லியிருக்கிறேன். காதலித்த அந்தப் பெண் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு — அன்றைக்கும் தலையாட்டினாள். அதை நான் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் வாணலிக்குச் சொன்னதா?

சரி, கேக்கல. போகட்டும். ஆனா அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? அவர்கிட்டதான் சொல்லணுமா?

மார்ச் 23

யாரிடமும் பேசவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 27

தலைமை நர்ஸ் ஓய்வு பெறுகிறார். நாளை சாயங்காலம் மருத்துவமனையில் பிரிவுபசாரம். மொத்த வார்டுக்கும் நம் மடிப்பு, சுட்டதுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய ஆர்டர் இதுவரை வந்ததில்லை. நன்றாகப் போனால் மருத்துவமனை கேன்டீனுக்குத் தினமும் எடுப்பார்களாம்.

அக்காவுக்கு நாளை எக்ஸ்ரே. அம்மா கூடப் போகிறாள். அத்தானுக்கு வெளியே வேலை. அவர் விடியற்காலையிலேயே மாவைச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். மடிப்பதும் வேகவைப்பதும் நான்.

"நீ பாத்துக்குவல்லடா?" என்றாள்.

பாத்துக்குவேன் என்றேன்.

மார்ச் 28

வெடித்துவிட்டது.

எல்லாமே. ஓரம் பிளந்து, பழம் தட்டில் வழிந்து, கருகி, ஓவன் அடிவரை ஒழுகி. ஒன்றுகூட உருப்படியில்லை. ஆர்டர் பெரிது என்று எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் ஏற்றியிருந்தேன்.

கீறல் போடவில்லை.

மறந்துவிட்டேன். கை பழகிய கை. ஓட்டையில்லாமல் மூடித்தான் பழக்கம். கேட்டால் இப்படித்தான் சொல்வேன். பொய்யும் இல்லை. ஆனால் கத்தி மேஜைமேல்தான் இருந்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தட்டை எடுத்தேன். நகர்த்தும்போது அது கத்தி என்று எனக்குத் தெரியும். எதற்கு வைத்திருக்கிறது என்றும் தெரியும்.

அப்ப அது கையா, நானா?

மருத்துவமனையிலிருந்து அக்கா வந்தாள். தட்டைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மா வாசலிலேயே ஆரம்பித்தாள்: "படிச்ச புள்ள, ஒரு வேலைய நம்பிக் குடுத்தா இப்படியா..." அதற்குள் அத்தான் வந்துவிட்டார். ஒரு பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது.

"என் தப்புத்தான் அத்தை" என்றார். "கீறல் போடச் சொல்ல மறந்துட்டேன் மச்சான்கிட்ட."

முதல் சோதனை அன்று அவர் இரண்டு முறை சொன்னபோது அக்கா பக்கத்தில்தான் நின்றாள்.

"ஆமா" என்றாள் அக்கா, என்னைப் பார்த்தபடியே. "நீங்க மறந்துட்டீங்க."

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அறைந்ததில்லை.

மிச்சம் இருந்த மாவில் மூன்று பேரும் மறுபடி செய்தோம். நான் மடித்தேன், அத்தான் கீறினார். ஆளுக்கு ஒன்று வரவில்லை. பாதியாக வெட்டிக் கொடுத்தனுப்பினோம். "பாதியே போதும், டயட்டு" என்று தலைமை நர்ஸ் எல்லாரையும் சிரிக்க வைத்தாராம். கேன்டீன் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

நல்லவராக இருப்பது அந்த மனுஷனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. திட்டியிருந்தால் வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

மார்ச் 30

எக்ஸ்ரேயில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் புகை கூடவே கூடாது.

இன்று ஓவன் பக்கத்தில் அக்காவும் நானும் மட்டும். டின்மேல் உட்கார்ந்தாள். நான் நின்றேன். கேட்டுவிட்டேன்.

"நான் சொன்ன கதை எதுவும் உனக்குக் கேக்கலயா?"

அவள் அத்தானிடம் சொன்னது எங்கே, எப்போது என் காதில் விழுந்தது என்று அவள் ஆராயவில்லை. கொஞ்ச நேரம் முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"கேக்கலடா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்திடுவ. நீ பேசறது கேக்காது, ஆனா நிறுத்தினா தெரியும். நிறுத்தின ஒடனே திரும்பிப் பாப்பேன். பாத்திருக்கேனா இல்லயா?"

பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள். மாவு தீர்ந்துபோய் நான் பேச்சை நிறுத்துகிற போதெல்லாம் அந்த முகம் திரும்பும். "என்னடா?" என்பாள்.

"அதுக்காக அந்த மனுஷனால வந்த ஆர்டர வெடிக்க வைப்பியா?" என்றாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

நிறுத்தினால் தெரியும் என்பதை அத்தானிடம் சொல்லியிருக்கமாட்டாள் என்று மாடிப்படி ஏறும்போது நினைத்துக்கொண்டேன். நினைத்த மாத்திரத்தில் மறுபடியும் அதே ஆள் ஆகிவிட்டேன்.

ஏப்ரல் 2

அத்தான் ஓவன் அடியில் கருகிப் பிடித்திருந்த சர்க்கரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன்.

"நீங்க சொன்னீங்க அத்தான். எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

"தெரியும்." நிமிரவில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு."

காட்டினேன்.

"எனக்கும் ஒரு அக்கா உண்டு. அவ கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையோட புது ஷூவத் தூக்கித் தண்ணித் தொட்டியில போட்டேன். அவரு கடன் வாங்குன செருப்போட ஃபோட்டோவுக்கு நின்னாரு. ஆல்பத்த எடுத்தா இன்னிக்கும் கேப்பாரு, 'எவன்டா அவன்?'னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நானும் கேப்பேன், 'எவன் அத்தான் அவன்?'னு."

டார்ச் ஆடியது. "சிரிக்காத, வெளிச்சம் ஆடுது" என்றார்.

ஏப்ரல் 9

கேன்டீனிலிருந்து ஆள் வந்தார். தினமும் காலையில் ஒரு தட்டு. முழு மடிப்பா பாதியா என்று கேட்டார். முழுசு என்றேன்.

ஏப்ரல் 21

அக்கா இப்போது முன்பக்கம் கவுண்டரில். கூட்டம் இருக்கிறது, ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது. இருமல் விடவில்லை, குறைந்திருக்கிறது. உள்ளே, வேலைக்குப் போகும்வரை அத்தான் மாவு தேய்க்கிறார். நான் மடிக்கிறேன், கீறுகிறேன்.

இன்று தட்டு ஓவனுக்குள் போனபிறகு, நேற்று எழுதிய கதையை அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பாதியில் கையை நீட்டி நிறுத்தினார்.

"இரு மச்சான். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எதுக்குத் தன் டிக்கெட்டையே கிழிக்கிறான்?"

எனக்குத் தெரியவில்லை. யாரும் என்னைப் பாதியில் நிறுத்திக் கேட்டதில்லை. யோசித்து ஏதோ சொன்னேன். அது சரியாக இல்லை என்று அவர் வேறொரு காரணம் சொன்னார். அதைக் கேட்டு நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"உள்ள என்ன சிரிப்பு?" அக்காவின் குரல் முன்பக்கத்திலிருந்து வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கிறீங்க? எனக்கும் சொன்னா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?"

கவுண்டரில் ஆட்கள் நின்றார்கள். அவளால் உள்ளே வர முடியாது. கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. மார்ச் மாதம் முழுக்க அதோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். பதில் சொல்ல நான் அவசரப்படவில்லை.