ஒன்பது நாள் கொலுவும் பத்து நாள் ரிட்டனும்

ஸ்ரீ:

மாதுங்கா,
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி வெங்கிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இதை எழுத உட்காரும்போது ஹாலில் யார் யார் இருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான், ஜன்னலோரம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உன் அப்பா, வாசற்கதவைப் பாதிக்கு மேல் திறக்க விடாத நாற்பத்தொரு அட்டைப் பெட்டிகள், அவற்றுக்குள் மல்லாந்து படுத்திருக்கும் பெருமாள், தாயார், செட்டியார், செட்டிச்சி, ஒரு கல்யாணக் கோஷ்டி, நாதஸ்வரக்காரர் இரண்டு பேர். இத்தனை பேரும் பகவான் கிருபையால் சௌக்கியம். உன் சௌக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம். இந்த மாதக் கடைசியில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழு நேரமும் பொம்மை வியாபாரம் பண்ணப் போகிறாயாம், கடிதம்கூட எழுதித் தயாராக வைத்திருக்கிறாயாம், அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றாயாம். உன் அப்பா வயிற்றில் என்றைக்கு ஒரு விஷயம் தங்கியது? போன சனிக்கிழமை ரசம் சாதம் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல், அவன் யோசிக்காம பண்ண மாட்டான் என்று ஒரு சர்ட்டிபிகேட் வேறு. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து அம்மா லிஸன், அம்மா லிஸன் என்பாய். காகிதத்தைப் பார்த்து யாரும் லிஸன் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்றாலும் கடைசி வரை படி.

விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ டப்ளினில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கடை திறந்தாய், உன் காலேஜ் சிநேகிதன் நகுல் பவாயில் உட்கார்ந்து விளம்பரம் போட்டான், தாராவிக்குப் போய்ச் சரக்கெடுத்து, தெர்மகோல் வைத்துக் கட்டி, பார்சல்காரனிடம் கொடுத்தவள் நான். ஒன்பது படி என்று தமிழில் சொன்னால் எடுபடாது என்று நைன் ஸ்டெப்ஸ் என்று பெயர் வைத்தீர்கள், போகட்டும். தசாவதார செட்டுக்கு 1,499 என்று போட்டாய். அது என்ன கணக்கு என்று கேட்டதற்கு, இன்னொரு கடைக்காரன் 1,599 போட்டிருக்கிறான், நாம் நூறு குறைத்தால் எல்லாரும் நம்மிடம் வருவார்கள் என்றாய். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அளவெடுத்து நம் வீட்டுப் பையனுக்குச் சட்டை தைப்பது மாதிரி இருக்கிறது. தாராவி பொம்மைக்காரர் வானமாமலை நமக்குக் கொடுத்த விலை 1,050. அதை மட்டும் உன் ஷீட்டில் ஏற்றி, செட்டுக்கு 449 ரூபாய் லாபம் என்று பச்சைக் கலர் அடித்து அனுப்பினாய். பண்ருட்டியிலிருந்து அவர் கொண்டுவந்த லாரி வாடகையில் நம் பங்கும் வழியில் உடைந்ததும் செட்டுக்கு 100. பெட்டி, தெர்மகோல், டேப் 140. பார்சல் கூலி 180. எல்லாம் சேர்த்து 1,470 ஆயிற்றா? மிச்சம் 29 ரூபாய் இருக்கிறதே என்று பார்த்தால், உன் கடைக்கு ஆன்லைனில் இடம் கொடுத்தவனுக்குக் கமிஷன் 180. ஆக, ஒரு செட் விற்றால் கையிலிருந்து 151 ரூபாய் போகிறது. எட்டாங்கிளாஸோடு நிறுத்தப்பட்டவளுக்கு இது தெரிகிறது, இரண்டு டிகிரி வாங்கியவனுக்குத் தெரியவில்லை. நஷ்டத்துக்கு விற்கிறவனிடம் கூட்டம் சேருவதில் என்ன சாமர்த்தியம் வேண்டிக்கிடக்கிறது? நாளைக் காலையில் மாதுங்கா மார்க்கெட்டில் தக்காளியைக் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கொடுத்துப் பார், வரிசை நிறுத்தப் போலீஸ் வர வேண்டியிருக்கும்.

சரக்கு எடுத்த லட்சணம் அதற்கு மேல். ஆடி மாதமே வானமாமலைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். நாற்பது வருஷமாகத் தாராவியில் பொம்மை கொண்டுவந்து விற்கிறவர், ஆடியில் அவர் கேட்டது 850. நீ என்ன சொன்னாய்? சரக்கை வீட்டில் தூங்க வைப்பது பழைய காலம், தேவை தெரிந்த பிறகு எடுப்பதுதான் மாடர்ன் என்றாய். பொம்மை செய்கிறவன் பங்குனியிலேயே களிமண் பிசைய ஆரம்பித்துவிடுகிறான், அவனுக்கு உன் மாடர்ன் தெரியாது. புரட்டாசி பிறக்கிற சமயத்தில் போய் நின்றேன். "எம்மா, மழ கொட்டுத நேரத்துல வந்து கொட வெல கேக்கியளே, நான் என்னத்தச் செய்ய" என்று சிரித்துக்கொண்டே இருநூறு ஏற்றினார். முதல் தரம் எல்லாம் அதற்குள் போய்விட்டது. ஒரு கண் மாதுங்காவையும் இன்னொரு கண் மாஹிமையும் பார்க்கிற லட்சுமிதான் மிச்சம் இருந்தாள். உன் அவசரத்துக்கு அவளையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இதெல்லாம்கூடப் புதிதாக வியாபாரம் பண்ணுகிறவன் பிழை என்று விட்டுவிடுவேன். அந்தப் பத்து நாள் ரிட்டனை எந்தப் புத்தியில் போட்டாய்? பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் காரணம் கேட்க மாட்டோம், முழுப் பணமும் வாபஸ். செருப்பு விற்கிறவன் அப்படிப் போடலாம், காலுக்குச் சேராமல் போகும். கொலு பொம்மை யார் காலுக்குச் சேர வேண்டும்? அமாவாசையன்று படி கட்டுகிறோம், மறுநாளிலிருந்து ஒன்பது நாள் கொலு, பத்தாம் நாள் விஜயதசமி. அமாவாசையன்று வந்து இறங்கிய பார்சலுக்கு உன் பத்து நாள் எங்கே போய் முடிகிறது என்று விரல் விட்டு எண்ணினாயா? பஞ்சாங்கக்காரனைக் கூட வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. ஊர் உலகம் தெரியாத ஐரிஷ்காரன் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போவேன். வருஷா வருஷம் வீடு வீடாகப் போய்ச் சுண்டல் வாங்கித் தின்றவன் செய்திருக்கிறாய்.

ஐந்தாம் நாள் செம்பூரில் பஞ்சாபகேசன் மாமா வீட்டுக்கு வெற்றிலைப் பாக்குக்குப் போனேன். பானுமதி மாமி எப்போதும் மூன்று படிக்கு மேல் வைத்ததில்லை, இந்த வருஷம் ஏழு. நடுப்படியில் மாஹிமைப் பார்க்கும் நம் லட்சுமி உட்கார்ந்திருந்தாள். விலாசச் சீட்டு ஒட்டுவது பார்சல்காரன் வேலை, எந்தப் பெட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்று எனக்கு எங்கே தெரியும்? நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மாமி என் காதோடு சொன்னாள். "பாகீ, ஒரு பைசா செலவில்லைடி, எல்லாம் ஃபுக்கட். ஆன்லைன்ல வாங்கினேன். எவனோ ஒரு அசடு பத்து நாள் டயம் குடுத்திருக்கான். விஜயதசமி அன்னிக்கு ரிட்டன் போட்டுட்டா காசு வந்துடும். பஜனை குரூப்ல எல்லாருக்கும் லிங்க் அனுப்பிச்சுட்டேன், நோக்கும் அனுப்பட்டுமா?" கட்டிலுக்கு அடியில் பெட்டிகளையும் காட்டினாள். டேப்பைப் பிளேடால் அறுத்து, தெர்மகோலைப் பொடி உதிராமல் எடுத்து வைத்திருந்தாள். நான் ராத்திரி கண் விழித்து ஒட்டிய டேப். அந்த அசடு என் பிள்ளைதான் என்று வாய் வரை வந்தது. சுண்டலோடு சேர்த்து விழுங்கினேன். பெட்டி மேல் கடைப் பெயர் மட்டும்தான் இருந்தது, அந்த மட்டும் மானம் பிழைத்தது என்று ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மானம் ஒரு வாரம்தான் பிழைத்தது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்போம் இல்லையா, இந்த மகராசிகள் எல்லாப் பொம்மையையும் பெட்டியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து வர ஆரம்பித்தது. அறுபத்துநாலு பெட்டி போனதில் நாற்பத்தொன்று திரும்பி வந்திருக்கிறது. ஒரு செட்டியாரோடு அவர் கடையில் பரப்பிய துவரம்பருப்பும் வந்தது, ஒரு பெட்டியைத் திறந்தால் பெருங்காய வாசனை, ஒரு நாதஸ்வரக்காரர் கையில் நாதஸ்வரம் இல்லை. இவர்கள் கோவிலில் அர்ச்சனை பண்ணிவிட்டுத் தேங்காயைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்காமல் வருவதே ஆச்சரியம். செம்பூரிலிருந்து வந்த தசாவதாரத்தில் ஒன்பது அவதாரம்தான் இருந்தது, வாமனனைக் காணோம். அங்கே பணம் ஏற்கெனவே வாபஸ் போய்விட்டது. பொறுக்க முடியாமல் மாமிக்குப் போன் பண்ணி, வாமனன் எங்கே என்று கேட்டேன். நோக்கு எப்படித் தெரியும் என்றாள். பெட்டி என் ஹாலில் இருக்கிறது என்றேன். அதற்குச் சொல்கிறாள், "ஐயோ, வெங்கி கடையா? முன்னாடியே சொல்லப்படாதோ? ரெண்டு செட்டா வாங்கியிருப்பேனே!" இரண்டு வாங்கி இரண்டையும் திருப்பியிருப்பாள். பேரன் விளையாடியதில் வாமனன் குடை ஒடிந்துவிட்டதாம், ஒடிந்ததை அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று வைத்துக்கொண்டாளாம். இப்போது பஜனை குரூப் முழுக்கத் தெரியும்.

புதன்கிழமை உன் நகுல் வந்தான். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, ரிட்டன் தோ ஆத்தா ஹை" என்றான். டென்ஷன் வேண்டாமாம், ரிட்டன் வருவது சகஜமாம். சம்பந்தி வீட்டுச் சீர் வந்த மாதிரி சொல்கிறான். போனைக் காட்டி அறுபத்துநாலு ஆர்டர், ஐந்துக்கு நாலே முக்கால் ஸ்டார், அடுத்த வருஷம் பத்து மடங்கு, வெங்கி மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தால் போதும் என்றான். அந்த ஸ்டார் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், படி என்றேன். படித்தான். பொம்மை அழகு, ரிட்டன் ரொம்பச் சுலபம். அடுத்தது, ரிட்டன் எடுக்க வந்தவர் ரொம்பத் தன்மை. அதற்கடுத்தது, பணம் இரண்டே நாளில் வந்துவிட்டது, எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன். நாலாவதைப் படிக்காமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகும்போது ஒரு யோசனை வேறு. நெற்றியில் இருக்கும் குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்து எடுத்து வைத்துவிட்டால் அடுத்த வருஷம் புதுசு என்றே விற்றுவிடலாமாம். ஒன்பது நாள் விளக்கேற்றி, நைவேத்தியம் காட்டி, நாலு பேர் பாடிக் கும்பிட்ட தாயார் நெற்றிக் குங்குமத்தைத் துடை என்று ஒரு சுமங்கலியிடம், வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், நின்ற நிலையில் சொல்கிறான். காபி கொடுக்காமல் அனுப்பினேன். இந்த வீட்டில் அப்படி அனுப்பப்பட்ட முதல் ஆள் அவன்தான்.

வானமாமலையிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பாதி விலைக்காவது எடுத்துக்கொள்வாரா என்று. "எம்மா, நீங்க பொம்மைய வித்தியளா, வாடகைக்கு விட்டியளா? எங்கிட்ட வாங்குதவங்ககிட்ட மொதல்லயே சொல்லிப்போடுவேன், சாமி ஒரு வீட்டுக்குள்ள ஏறிட்டா ஏறுனதுதான், எறங்காதுன்னு" என்றார். பள்ளிக்கூடம் போகாத மனுஷர், அவர் ரிட்டன் பாலிசி ஒரே வரியில் முடிந்துவிட்டது. திரும்பி வந்த பெட்டி ஒவ்வொன்றும், போகிற கூலி, வருகிற கூலி, கட்டின பெட்டி என்று ஐந்நூறு ரூபாய் தின்றுவிட்டு வந்திருக்கிறது. நாற்பத்தொன்றுக்கு 20,500. தங்கிப்போன இருபத்துமூன்றிலும் லாபமில்லை. திரும்பி வந்ததில் உடைந்ததையும் நகுலின் விளம்பரச் செலவையும் நான் இன்னும் தொடவில்லை. இந்த வியாபாரத்துக்குத்தான் நீ மாதச் சம்பளத்தை விடப்போகிறாய். டப்ளினில் தங்குவதற்கான உன் பெர்மிட் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாதனாவும் அவள் படிப்பும் உன் பெர்மிட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டிக்கொண்டவளிடம் சொன்னாயா? என்னிடமே மறைத்தவன் அவளிடம் சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

வியாபாரமே பண்ணாதே என்று நான் சொல்லவில்லை. வேலையை வைத்துக்கொண்டு பண்ணு, தின்றால் தீர்ந்துபோகிற சரக்காக விற்றுப் பழகு. அப்பளம், திரி, சாம்பிராணி, பொரித்த அப்பளத்தை எந்த மாமியும் திருப்பி அனுப்ப முடியாது. பொம்மைதான் என்றால் ஆடியில் எடு, எல்லாச் செலவையும் கூட்டிய பிறகு விலை வை, பிரித்த அன்றைக்கே உடைந்திருந்தால் மட்டும் போட்டோ வாங்கிக்கொண்டு வேறு பொம்மை கொடு, பணம் கொடுக்காதே. இந்தப் பெட்டிகளில் உடையாத பெருமாளையும் தாயாரையும் பஜனை மண்டலிக்குக் கொடுத்துவிடப் போகிறேன். மற்றதை ஒரு வருஷம் கொலு கண்டது என்று எழுதி ஒட்டிப் பாதி விலைக்கு விற்பேன், புதுசு என்று விற்க என் கை வராது. நகுலிடமும் சொல்லிவிட்டேன்.

நாளை புரட்டாசி சனிக்கிழமை, மாவிளக்கு ஏற்றி உன் பேரையும் சாதனா பேரையும் சொல்லிச் சேவிப்பேன். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ. சாதனாவிடம் இன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல். இருவரும் நீண்ட ஆயுசோடு, ஒருவருக்கொருவர் மறைக்காமல் இருக்க வேண்டும், பெருமாள் காப்பாற்றுவார். பானுமதி உன்னை அசடு என்றாள். நான் இது வரை யாரிடமும் ஆமாம் என்று சொல்லவில்லை, சொல்லும்படி வைத்துவிடாதே.

அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டாயா, கொடுக்கவில்லையா? கூரியர் ஐந்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள். கிடைத்த அன்றைக்கே பதில் எழுது.

இப்படிக்கு,
அம்மா
பாகீரதி