மூன்றாவது பானை

சிவமயம்

குழிபிறை,
பராபவ வருடம் தை 3, திங்கட்கிழமை.

ரங்கூனில் இருக்கும் அப்பச்சி அவர்களுக்கு மகள் முத்தாள் வணங்கி எழுதுவது.

நான் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நம் வீட்டில் கடல் கடந்து போகும் கடிதத்தைப் பெரியப்பச்சிதான் எழுதுவார்கள். பெண்பிள்ளைகள் சுகம் கேட்டதாகக் கடைசி வரியில் வருவோம். இந்தமுறை கடைசி வரி எனக்குப் போதவில்லை.

ஆத்தாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. நான் பொன்னமராவதிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. சேர்ந்த புதிதில் என் குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை என்று தலைமையாசிரியை குறைபட்டுக்கொண்டார்கள். இப்போது எட்டுகிறது.

பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை. இந்த வருடமும் மழை ஏமாற்றிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் எல்லா வீட்டு ஆட்களும் ஒன்றாக நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரே ஒரு கரும்புக் கட்டுதான் ஏறியது, அதற்கும் மூன்று வீட்டார் பங்கு. சுண்ணாம்பு விற்கிற விலையில் பாதித் தெரு வெள்ளையடிக்கவில்லை. “எலெக்சன் வருதுல்ல, கட்சிக்காரன் அடிச்சுட்டுப் போறான் விடு” என்கிறார்கள்.

அடுத்த தெரு முருகப்பன் மாமா ஐப்பசியில் கப்பலில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு தகரப்பெட்டி மட்டும். அங்கே பர்மா சர்க்கார் கடையை எடுத்துக்கொண்ட கதையை நான்கு நாள் சொன்னார்கள். ஐந்தாம் நாள் சந்தைப்பேட்டையில் வெல்லக்கடை போட்டுவிட்டார்கள். ரங்கூன் முதலாளி வெல்லம் நிறுக்கிறாரே என்று யாரோ சிரித்தார்களாம். “அங்க அரிசி நிறுத்தேன், இங்க வெல்லம் நிறுக்கேன். தராசு அங்கிட்டும் தராசுதேன், இங்கிட்டும் தராசுதேன். ஒனக்கு எத்தனை அச்சு வேணும்?” என்றார்களாம். அந்த ஆளே இரண்டு வீசை வாங்கிப் போனாராம்.

இனிப் பொங்கலைப் பற்றி. கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு பானை என்பது நம் வழக்கம். பெரியப்பச்சிக்கு ஒன்று, அவர்கள் மகன் முத்துராமன் அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. நீங்கள் ஊரில் இல்லாத வருடங்களிலும் உங்கள் பானை வாசலில் ஏறாமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை பெரியப்பச்சி, “அரிசி இருக்குற இருப்புக்கு இந்த வருசம் ரெண்டு பானை போதும். தம்பி பானையை அவன் வந்தப்புறம் ஏத்திக்குவோம்” என்றார்கள். சிக்கனத்துக்குச் சொன்னதுதான். இல்லாமல் போனவர்களின் பானைதான் ஏறாது என்பது அவர்கள் நினைவில் அப்போது இல்லை. ஆத்தாவின் கை கழுத்துக்குப் போய்த் திருமாங்கல்யத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள்.

நான் மறுநாள் விடியும் முன்னே எழுந்து வாசலில் மூன்றாவது கோலம் போட்டேன். வீட்டு வேலைக்கு வரும் முனியாயி மூன்று கல் கொண்டுவந்து வைத்தாள். என் சம்பளத்தில் வாங்கி வைத்திருந்த ஒரு படி பச்சரிசியைக் களைந்தேன். பொன்னம்மாள் பெரியாத்தா வந்து பார்த்துவிட்டு, “கல்யாணமாகாத பொண்ணு பானை ஏத்துறதாவது! ஊர் ஒலகத்துல உண்டா?” என்றார்கள். “ஆத்தா எழுந்து வந்தால் ஆத்தா ஏற்றட்டும். வரும்வரை நான் ஏற்றுகிறேன். இது அப்பச்சி பானை” என்றேன். வகுப்பில் பேசுகிற குரல்தான் வந்தது.

விறகு ஈரம். பெரியப்பச்சி வீட்டுப் பானை இரண்டும் முதலில் பொங்கின. பெரியப்பச்சி இரண்டுக்கும் சங்கு ஊதினார்கள். பிறகு சங்கை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். நம் பானை கடைசியாகப் பொங்கி, நுரை கல்லில் வழிந்தது. சங்கு இல்லாமலா? நான் போய் அவர்கள் மடியிலிருந்து அதை எடுத்தேன். ஊதினேன். புஸ்ஸென்று போயிற்று. “வெறுங்காத்துதேன் வருது தாயி” என்று முனியாயி சிரித்துவிட்டாள். இரண்டாம் முறை ஊதியபோது தெருக்கோடி வரை கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் ஆத்தா நிலைப்படியில் நிற்கிறார்கள். தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்து, அகப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். பெரியப்பச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பியும் மொதல்ல காத்துதேன் ஊதுவான்” என்றார்கள். பெரியாத்தா இன்னும் என்னோடு பேசவில்லை. பொங்கலை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லத்தான் எழுதினேன் என்று முடித்துவிடலாம். அது பொய்யாகும். ஆடியில் நீங்கள் பெரியப்பச்சிக்கு எழுதிய கடிதத்தை, எனக்கு எழுதாததை, எடுத்துப் படித்துவிட்டேன். வெறுங்கையோடு எந்த முகத்தோடு வருவேன், சர்க்கார் எடுத்துக்கொண்ட கடை திரும்பக் கிடைத்தால் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. அப்பச்சி, கடை இனிக் கிடைக்காது. உங்களுக்கும் அது தெரியும். முத்தாளைக் காலேஜுக்கு அனுப்பாதே என்று ஊரே சொன்னபோது நீங்கள் கேட்கவில்லை. இப்போதும் ஊர்ப் பேச்சைக் கேட்க வேண்டாம். யாராவது ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த கப்பலுக்குப் பேர் கொடுங்கள். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். சங்கு பிடிக்க இரண்டு கையும் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

தங்கள் மகள்,
முத்தாள்