லினக்ஸ் போட்டதில் போன வீடியோ

ஞாயிறு

பழைய லேப்டாப்பில் கார் ரேஸ் கேம் திணறியது. விண்டோஸுக்குப் பதிலாகப் போட, புதியவர்களுக்குச் சுலபமான லினக்ஸ் வகை எது என்று தேடி ஒன்றை முடிவு செய்திருந்தேன். சின்னாளபட்டியிலிருந்து வந்த கொழுந்தன், "அது கேமுக்கு ஆகாது மதினி" என்று தனக்குப் பிடித்த வேறொரு வகையைப் போட உட்கார்ந்தான்.

"உள்ள இருக்க அம்மா வீடியோ போயிராதே?"

"ஒண்ணும் ஆகாது."

திரையில் கேட்டதைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தான். மொத்த டிஸ்க்கும் அழிந்துவிட்டது. இறந்துபோன அம்மா பழனியில் என்னைக் கூப்பிட்டுச் சிரித்த ஒரே வீடியோவும் போயிற்று.

கேமை மறுபடி ஏற்றி, அதில் சத்தம் வராத கோளாறை மட்டும் சரிசெய்துவிட்டு, "நல்லா ஓடுதுல்ல? ஒரு வீடியோவுக்கா இம்புட்டு?" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அவன் போனதும் அழுதேன். பிறகு ஒரு மணி நேரம் அந்தக் கேமை விளையாடினேன். நன்றாகத்தான் ஓடியது. என்னை நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.