ஆம்னி வண்டியும் நீ அனுப்பிய ஸ்கேனரும்

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோஸ்த் முஸம்மிலுக்கு ராமமூர்த்தி எழுதுவது. நானும் கோவிந்தம்மாளும் சுகமாகவே இருக்கிறோம். தம்மாமில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? உன் வீட்டுக்காரி ரஃபத் ஜஹானின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கோவிந்தம்மாள் கேட்கச் சொன்னாள்.

நீ கொடுத்தனுப்பிய வண்டி ஸ்கேனரைக் காஷிஃப் சவூதியிலிருந்து வந்த அன்றே ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து தந்துவிட்டான். பழைய வண்டிகளில் அது வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாயாம். அதைக் கேட்கத்தான் நீ போன் செய்துகொண்டே இருந்தாய் என்பதும் தெரியும். நான் எடுக்கவில்லை. எடுத்தபோதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

முதலில் ஸ்கேனர். புது வண்டிகளில் அருமை. டேனரி மேனேஜர் ஒருவரின் காரில் செருகியதும், எந்த சென்சார் கெட்டிருக்கிறது என்று எழுத்திலேயே காட்டிவிட்டது. ஆனால் நம்மிடம் வருகிற வண்டிகள் எப்படிப்பட்டவை என்று உனக்கே தெரியும். பழைய சுமோவில் அதைச் செருக இடமே இல்லை. கார்புரேட்டர் மாருதியிலும் இல்லை. கம்ப்யூட்டரே இல்லாத வண்டியிடம் அது எதைக் கேட்கும்? சர்தார் பாஷா பாயின் ஆம்னி இரண்டுங்கெட்டான். இன்ஜெக்‌ஷன் வண்டிதான், டாஷ்போர்டுக்குக் கீழே சாக்கெட்டும் இருக்கிறது. செருகினால் ஸ்கேனரில் விளக்கு எரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வண்டியோடு தொடர்பு கிடைக்கவில்லை என்றே நிற்கிறது.

அந்த ஆம்னியைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

பாயின் வீட்டம்மா பில்கிஸ் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. டயாலிசிஸுக்காக பாய் அந்த வண்டியில்தான் வேலூருக்குக் கூட்டிப்போய் வருகிறார். போன மாதம், ஓடும்போதே நின்றுபோகிறது என்று கொண்டுவந்தார். பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, தைரியமாகப் போங்கள் என்றேன். மறுநாளே பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில், அக்காவை உள்ளே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வந்த ஷூ கம்பெனி பஸ்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்காவுக்கு மூச்சு திணறிவிட்டதாம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். பாய் வண்டியைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. முகம் என் பக்கம் இல்லாவிட்டால் யார் பேசினாலும் எனக்குப் புரிவதில்லை, முஸம்மில். ஒரு வருஷமாகவே என் காது போய்க்கொண்டிருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் டேங்கில் பம்ப் ‘கொர்’ரென்று முனகுமே, நாம் முதலில் அதைத்தானே கவனிப்போம். பாய் முதலில் வண்டியைக் கொண்டுவந்த அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்கவில்லை, பம்ப் ஓடியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் அக்காவை நடுரோட்டில் நிறுத்தியது.

இதற்கிடையில்தான் உன் ஸ்கேனர் வந்தது. இனி எனக்குக் காதே வேண்டாம், கண் போதும் என்று அப்படியொரு சந்தோஷம். அது ஆம்னியிடம் ஊமையாக நின்றபோது, ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷூ கம்பெனி வேலை விட்டு வந்த கோவிந்தம்மாள் அந்தக் கோலத்தில்தான் என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தியா? குக்கர் அத்தினி விசில் அடிச்சும் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தியே, அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவன்னு பார்த்தேன்” என்றாள்.

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டேங்க் பக்கத்தில் காதை வைத்தாள். நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “ஒரு தபா கொர்ருங்குது, அடுத்த தபா சத்தமே இல்ல. எங்க தையல் மிஷின் மோட்டார்ல ஒயர் லூசானா இப்டித்தான் உட்டு உட்டு வரும்” என்றாள். டேங்க்கை இறக்கினேன். பம்ப்புக்குப் போகும் ஒயர் முனை கருகிப்போயிருந்தது, பம்ப்பும் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். அதன் பிறகு வண்டி வேலூருக்குப் போவதும் வருவதுமாக நன்றாக ஓடுகிறது.

வண்டியை எடுக்க வந்த பாயிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இனி வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று, “அட பேஜார் பண்ணாத ராமு. வண்டி இங்கதான் வரும். நீயும் உன் வூட்டம்மாவும் சேர்ந்து பாருங்க” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான்.

போன வாரம் கோவிந்தம்மாள் லீவு போட்டு, என்னை வேலூருக்குக் காது சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சோதனை செய்த பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் தூக்கிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துவிட்டு என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதன் பிறகு என் கை மேலே போகவே இல்லை. ரொம்ப நேரம் அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடுமாம், பழையபடி வராதாம். அடுத்த வாரம் அளவெடுக்கிறார்கள்.

பழைய மாருதிகளுக்கென்று தனி ஸ்கேனர் இருப்பதாகக் காஷிஃப் சொல்கிறான். அங்கே விசாரி. ஆனால் வாங்கி அனுப்புவதற்கு முன்னால் வண்டி மாடலை எனக்கு எழுதிக் கேள். நீ அனுப்பியது வீண் என்று மட்டும் நினைக்காதே. புது வண்டிகளுக்கு இப்போது அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். தொழுகையில் பில்கிஸ் அக்காவுக்காகக் கேள், எனக்காகவும் ஒரு வார்த்தை கேள். அடுத்த பெருநாளுக்கு நீ ஊருக்கு வரும்போது, பஜாரில் என்னைப் பார்த்தால் பின்னாலிருந்து கூப்பிடாதே. நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பேன், நீ மனசு கஷ்டப்படுவாய். சுற்றிக்கொண்டு வந்து என் எதிரில் நில்லு, தோஸ்த்.

என்றும் உன்
ராமமூர்த்தி